பெட்டியைத் தட்டிப் பாரு, மருமகனே

ஸ்பீக்கருக்கு ஆறு லட்சம்னு சொன்னியே, அது ஜோடிக்கா, ஒத்தைக்கா? ஜோடிக்குன்னா பாதிப் பைத்தியம்தான், தாங்கிக்கலாம். ஒத்தைக்குன்னா உங்கம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன், நீயே சொல்லிக்கோ.

காதுகுத்துக்கு உன்னை மடியில வெச்சிருந்தவன் நான். தாய்மாமன் மடியில உக்காத்தி ஓட்டை போட்ட காது அது. அந்தக் காதுக்கு என்ன வாங்கிப் போடணும்னு சொல்ல எனக்கு உரிமை இல்லைன்னா வேற எவனுக்கு இருக்கு, டெல்லி கரோல்பாக் கடைக்காரனுக்கா?

"வத்திராயிருப்புல மைக் செட் போட்டவருக்கு ஹை-எண்ட் ஸ்பீக்கர் பத்தி என்ன தெரியும்"னு நீ மனசுக்குள்ள சிரிக்கிறது மூஞ்சியிலயே தெரியுது. சிரி. கோயில் கொடைக்குத் தென்னை மரத்துல குழாய் ஸ்பீக்கர் கட்டினவன்தான் நான். யூனிட் காயில் கருகினா வாசத்தை வெச்சே சொல்லுவேன். கோன் கிழிஞ்ச ஸ்பீக்கருக்குப் புதுசா கோன் ஒட்டி, நடு சென்டர் தப்பாம காயிலை உக்காத்தி, விரலால அமுக்கிப் பார்த்து உரசலை காதுல பிடிச்சவன். அதுக்கு மேல, கண்ணாடி போட்டா எனக்குப் படிக்கவும் வரும்பா.

நீ டேபிள்ல வெச்சிருக்கிற அந்த வழவழப்பான விளம்பரப் புத்தகத்தைப் படிச்சேன். முப்பது பக்கம், அதுல பாதி மரத்தோட பளபளப்பைப் பத்தி. ஸ்பீக்கர் வாங்குறியா, பீரோ வாங்குறியா?

உன் ஆறு லட்சப் பெட்டிக்குள்ள என்ன இருக்கு தெரியுமா? காந்தம், காயில், கோன். என் பழைய பெட்டிக்குள்ளயும் அதேதான். 1925ல அமெரிக்காவுல ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில ரைஸ், கெல்லாக்னு ரெண்டு பேரு காகிதக் கூம்பு நடுவுல காயிலை மாட்டி, காந்த இடுக்குல ஆட விட்டாங்க. நூறு வருஷம் ஆச்சு, அடிப்படை மாறல. மின்சாரம் காயில்ல போகும், காயில் முன்னும் பின்னும் ஆடும், கோன் காத்தைத் தள்ளும். அவ்வளவுதான் கதை.

சரி, அப்ப காசு எதுக்குன்னு கேப்ப. கேக்கணும். அந்தப் பெட்டி வாயை மூடிக்கிட்டு இருக்கிறதுக்குத்தான் காசு. முழிக்காதே, சொல்றேன்.

வீணை பாடணும். அதுக்குத்தான் பலா மரத்தைக் குடைஞ்சு குடம் செய்யுறான். மிருதங்கம் பாடணும். வெறும் தோலைத் தட்டினா அதுல கிளம்புற மேல் சுரங்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது, தகரம் மாதிரித்தான் இருக்கும். வலந்தலை நடுவுல கருப்பா சோறு வெச்சு தேய்க்கிறானே, அந்தப் பாரம்தான் மேல் சுரங்களை இழுத்துக்கொண்டாந்து சுருதியில நிறுத்துது. இதை 1920லயே சி.வி.ராமன் கண்டு எழுதிட்டாரு. வாத்தியம்னா அப்படி, தனக்குன்னு ஒரு குரல் வேணும். ஸ்பீக்கருக்குத் தனிக் குரல் இருந்தா அதுதான் கேடு. வீணைக்கு வீணையாவும், மிருதங்கத்துக்கு மிருதங்கமாவும், எம்.எஸ். பாடினா எம்.எஸ்ஸாவும் இருந்துட்டுப் போகணும். எல்லாப் பாட்டும் 'இனிமையா' கேக்குற ஸ்பீக்கரை நம்பாதே. அது எல்லாத்துலயும் தன் கையைப் போடுது.

கோன் தனியா பாடாம இருக்கணும்னா ரெண்டு குணம் வேணும்: லேசா இருக்கணும், விறைப்பா இருக்கணும். ரெண்டும் ஒரே பொருள்ல சேர்றது கஷ்டம். காகிதம் லேசு, உள்ளுக்குள்ளயே அதிர்வைத் தின்னுடும், ஆனா ஓரளவுக்கு மேல வளையும். அலுமினியம் விறைப்பு, ஆனா மேல ஒரு இடத்துல மணி அடிக்கும். பெரிலியம், வைரம்னு மேல் சத்தம் பாடுற ட்வீட்டர் செய்யுறான். மணி அடிக்கிற இடத்தைக் காது எட்டாத உயரத்துக்குத் தள்ளி வெச்சிடலாம்னு. நியாயமான வேலைதான், நான் குறை சொல்லல. ஆனா நல்ல காகிதக் கோன் போட்ட பெட்டி இன்னும் உலகத்துல விலை போகுது. பொருளைக் கேட்டு மயங்காதே, அதை வெச்சு என்ன செஞ்சிருக்கான்னு பாரு. ஓரத்துல சுத்தி இருக்கிறது ரப்பரா, ஃபோமான்னும் பாரு. ஃபோம்னா கொஞ்ச வருஷத்துல மாவா உதிரும். அப்ப மாமாவைத் தேடி வருவ, கோன் ஒட்ட.

அடுத்தது பெட்டி. தேங்காய் வாங்குறவன் தட்டிப் பாக்குற மாதிரி விரல் முட்டியால பக்கப் பலகை நடுவுல ஒரு தட்டு தட்டு. ஒரே வித்தியாசம், தேங்காய் கணீர்னா வாங்கு, பெட்டி கணீர்னா வெச்சுட்டு வந்துரு. 'தொப்'புன்னு செத்த சத்தம் வரணும். கோன் முன்பக்கம் எவ்வளவு காத்தைத் தள்ளுதோ அவ்வளவு பின்பக்கமும் தள்ளும். அந்தப் பின்பக்கச் சத்தம் பெட்டிக்குள்ள மாட்டிக்கிட்டு பலகையை உலுக்கும். பலகை பரப்பு கோனைவிடப் பெரிசு, அது ஆட ஆரம்பிச்சா ஒரு ஸ்பீக்கர் வாங்கின இடத்துல ஆறு ஸ்பீக்கர் பாடும். அதான் எம்.டி.எஃப் பலகை, உள்ளே குறுக்குச் சட்டம், பஞ்சு எல்லாம். வெளியில பூசின வால்நட்டுக்கும் சத்தத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. ரெண்டு மெட்ரோ ஸ்டேஷன் தாண்டினா கீர்த்தி நகர் மர மார்க்கெட். எம்.டி.எஃப் என்ன விலைன்னு ஒரு நாள் போய்க் கேட்டுட்டு வா. அப்புறம் விளம்பரப் புத்தகத்தைத் திரும்பப் படி, சிரிப்பு வரும்.

கனமா இருந்தாத்தான் நல்லதுன்னும் நினைச்சுக்காதே. பிபிசிக்காரன் 1970கள்ல எல்.எஸ்.3/5ஏ-ன்னு ஒரு குட்டிப் பெட்டி செஞ்சான். ஒரு அடி உயரம்தான். வெளியிடத்து ஒலிபரப்புக்குப் போற வேன்ல வெச்சுக் கேக்குறதுக்கு. மெல்லிசான பிர்ச் பிளைவுட்டுல பெட்டி அடிச்சு, உள்பக்கம் அதிர்வைத் தின்னுற பட்டையை ஒட்டினான். பலகை ஆடட்டும், ஆனா மனுஷக் குரலைக் கெடுக்காத இடத்துல ஆடட்டும், ஆடினதும் அடங்கட்டும்னு கணக்கு. இன்னைக்கும் அதுக்கு அலையுறவங்க இருக்காங்க. யோசனை கனமா இருந்தா பெட்டி கனமா இருக்கணும்னு இல்ல.

பேஸ் பத்தி நீ ரொம்பக் கவலைப்பட்ட. அதுக்கு ஒரு கணக்கு சொல்றேன், எழுதிக்கோ. ஒரே சத்தம் வரணும்னா, ஒரு ஸ்தாயி கீழே இறங்க இறங்க கோன் நாலு மடங்கு ஆடணும். 80 ஹெர்ட்ஸ்ல ஒரு மில்லிமீட்டர் ஆடினது, 40ல நாலு ஆடணும், 20ல பதினாறு. சின்ன கோன் எங்கே போகும்? ஒண்ணு பெரிய கோன் போடணும், இல்ல பெட்டியில ஓட்டை போட்டு உள்காத்தையும் சேர்த்துப் பாட வைக்கணும், இல்ல கிடைச்சது போதும்னு நிறுத்திக்கணும். பெட்டியை முழுசா அடைச்சு, உள்ளே இருக்கிற காத்தையே ஸ்பிரிங்கா வெச்சு, சின்னப் பெட்டியிலயே ஆழமா இறங்கலாம்னு 1954ல எட்கர் வில்ச்சர் காட்டினாரு. ஓட்டை போட்ட பெட்டிக்குக் கணக்குப் போட்டது ஆஸ்திரேலியாவுல நெவில் தீல், 1961ல; ரிச்சர்ட் ஸ்மால் பின்னாடி வந்து அதை விரிச்சாரு. பெட்டி எத்தனை லிட்டர், குழாய் எவ்வளவு நீளம்னு இன்னைக்கு எவன் போட்டாலும் அவங்க கணக்குதான். ஆனா மூணுல ரெண்டுதான் கிடைக்கும்: சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், கொஞ்சம் வாட்டுலயே பெரிய சத்தம். மூணும் தர்றேன்னு சொல்ற கடைக்காரன் பௌதிகம் படிக்கல, இல்ல நீ படிக்கலன்னு தெரிஞ்சு வெச்சிருக்கான்.

வாட்டுன்னதும் ஞாபகம் வருது. "200 வாட் மாமா"ன்னு பெருமையா சொன்ன. வீட்டு ஸ்பீக்கர்ல நீ விடுற மின்சாரத்துல நூத்துல ஒரு பங்குகூடச் சத்தமா வராது. மிச்சமெல்லாம் காயில் சூடு. என் குழாய் ஸ்பீக்கர் இதைவிடப் பல மடங்கு சிக்கனம், அதான் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர்ல ஊரையே எழுப்பினேன். பேஸ் இல்லதான், ஒத்துக்கிறேன். மாரியம்மனுக்குப் பேஸ் தேவைப்படல. காயில் சூடு 100 டிகிரி ஏறினா அதோட தடை கிட்டத்தட்ட 40 சதவீதம் ஏறும், அப்ப நீ குமிழைத் திருப்பினாலும் சத்தம் அதுக்கேத்த மாதிரி ஏறாது. காதுக்கு ரெண்டு மடங்குன்னு தோணணும்னா வாட் பத்து மடங்கு வேணும். 100 வாட்டுக்கும் 200 வாட்டுக்கும் மூணு டெசிபல்தான் வித்தியாசம். அதுக்கு எவ்வளவு கூடக் கேட்டான்?

இன்னொண்ணு, "40,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் பாடும்"னு போட்டிருக்கான். மனுஷக் காது 20,000தோட சரி, அதுவும் பச்சைப் பிள்ளைக்கு. உன் வயசுக்கு 14,000 கேட்டா குலசாமிக்குப் பொங்கல் வை. மிச்சத்தை ரிட்ஜ் காட்டு வௌவால் கேட்டுட்டுப் போகட்டும், டிக்கெட் காசை அதுகிட்ட வாங்கிக்கோ.

கேபிள்? 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, நீ கட்டுற பத்து அடிக்கு ஏராளம். பாம்பு தடிமனுக்கு ஒரு வயரைக் காட்டி, ஒரு மீட்டருக்கு ஒரு பவுன் விலை சொல்லுவான். எங்கக்கா கழுத்துல போடுற பவுனா இருந்தாலாவது அவசரத்துக்கு அடகு வைக்கலாம்.

கீழ்ச் சத்தத்தையும் மேல் சத்தத்தையும் பிரிக்கிற கிராஸ்ஓவர்தான் உள்ளபடியே கஷ்டமான இடம், அதைப் பத்தி அவன் புத்தகத்துல ஒரு வரிதான் இருக்கு. ஆறரை அங்குலக் கோன் மேல் சத்தத்தைப் பாட முயற்சி பண்ணினா டார்ச் லைட்டாட்டம் நேரா மட்டும் போகும், பக்கத்துல உக்காந்தவனுக்கு மங்கும். அதனால 2,000, 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் அது விட்டுட்டு ஒரு அங்குல ட்வீட்டர் ஏத்துக்கணும். வில்லங்கம் என்னன்னா, காது ரொம்பக் கூர்மையா இருக்கிறதும் அந்த இடத்துலதான். சகரமும் டகரமும் தெளியுறது அங்கேதான். ரெண்டு பேரு ஒரே வார்த்தையைப் பாதிப் பாதியா சொல்லி, ஒரே ஆளு சொன்ன மாதிரி கேக்கணும். கை மாத்துற இடத்துல பள்ளம் விழுந்தா பாடகர் வாயில துணி வெச்ச மாதிரி இருக்கும். கொச்சியில ஜேக்கப் ஜார்ஜ்னு ஒரு கட்டடக் கலைஞர் இந்த வில்லங்கமே வேண்டாம்னு ரெத்ம்-னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சு, குரலும் வாத்தியமும் ஒரே யூனிட்டுல பாடுற பெட்டி செய்யுறாரு. வெளிநாட்டுக்காரனும் வாங்குறான். அதுலயும் விட்டுக்கொடுத்தது உண்டு, ஆனா எதை விட்டோம்னு தெரிஞ்சு விட்டது. கொல்கத்தா சோனோடைன் 1970லேருந்து ஸ்பீக்கர் செய்யுது. நீ என்னவோ ஐரோப்பாக்காரன் மட்டும்தான் காதோட பொறந்தான்னு பேசுற.

இப்ப உன் ஹாலுக்கு வா. நான் வந்ததுலேருந்து பாக்குறேன்: பளிங்குத் தரை, வெத்துச் சுவர், பெரிய கண்ணாடி ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே மெட்ரோ. 2005 கடைசி நாள்லேருந்து அந்த ரயில் இந்தப் பூசா ரோட்டு மேலதான் ஓடுது. ராஜேந்திர பிளேஸ்ல நின்னு கிளம்பினா உன் டீ டம்ளர்ல வட்டம் விழுது. 'மெல்லிய நுணுக்கங்கள்' கேக்கணும்னு ஆறு லட்சம் குடுக்குற ஆளு, ராத்திரி கடைசி ரயில் போனப்புறம்தான் கேக்க முடியும். அப்பத்தான் சட்டமும் வருது: குடியிருப்புல ராத்திரி 10லேருந்து காலை 6 வரைக்கும் 45 டெசிபல். கீழ் வீட்டு பஞ்சாபி அம்மா அளவுகோல் எதுவும் வெச்சுக்கல, நேரா வந்து கதவைத் தட்டும்.

ஹால் 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம். சத்தம் நொடிக்கு 343 மீட்டர் போகும். 40 ஹெர்ட்ஸ் அலை ஒண்ணு 28 அடி நீளம்; உன் ஹாலுக்குள்ள அதுக்கு நீட்டிப் படுக்கவே இடம் இல்ல. அலையோட பாதி நீளம் சுவருக்குச் சுவர் சரியா பொருந்துற இடத்துல சத்தம் மோதி நிக்கும். 12 அடிக்கு 47 ஹெர்ட்ஸ்ல, 10 அடிக்கு 56ல. உனக்கு அகலமும் உயரமும் ஒண்ணா இருக்கிறதால 56ல ரெண்டு சேர்ந்து அடிக்கும். இளையராஜா பாட்டுல பேஸ் கிட்டார் நடந்து போகும்போது ஒரு சுரத்துக்கு மட்டும் சோபா எந்திரிச்சு ஆடும், அடுத்த சுரத்துக்கு ஆளையே காணோம். இதை எந்த ஆறு லட்சமும் சரி பண்ணாது. நல்ல பெட்டின்னா இன்னும் நல்லா ஆட்டும்! சோபாவைப் பின்சுவருல ஒட்டிப் போட்டிருக்கியே, அதை இழுத்து முன்னாடி போடு. பெட்டியை மூலையிலேருந்து வெளியே கொண்டா. ஒரு அடி நகர்த்திக் கேளு, இன்னொரு அடி நகர்த்திக் கேளு. இதுக்குக் காசு இல்ல, முதுகுதான் வலிக்கும்.

அதுக்கு மேல சப்வூஃபர் வேற கேட்டியாம். பீகார்ல பூசாங்கிற ஊருல இருந்த விவசாய ஆராய்ச்சி நிலையம் 1934 பூகம்பத்துல இடிஞ்சு, 1936ல இங்கே குடிவந்து, பேரையும் கூடவே கொண்டாந்துச்சு. மறுபடி அவங்களை இடம் மாத்தப் பாக்காதே.

மேல் சத்தத்துக்கு வழி இருக்கு. அமெரிக்காவுல ஹார்வர்டுல 1895ல ஒரு வகுப்பறை, ஒரு வார்த்தை சொன்னா அஞ்சு செகண்டுக்கு மேல சுத்திக்கிட்டே இருக்கும். சரி பண்ணச் சொல்லி வாலஸ் சபைன்னு ஒரு வாத்தியாரை அனுப்பினாங்க. அவரு என்ன செஞ்சாரு, பக்கத்துத் தியேட்டர் நாற்காலி மெத்தைகளை ராத்திரி ராத்திரி தூக்கிட்டு வந்து அடுக்கி, எத்தனை மெத்தைக்குச் சத்தம் எவ்வளவு நேரத்துல சாகுதுன்னு அளந்தாரு, விடியறதுக்குள்ள திருப்பிக் கொண்டு போய் வெச்சாரு. கட்டடத்துக்கு ஒலிக் கணக்கு பிறந்தது அப்படி. நீ ராத்திரித் திருட்டுக்கெல்லாம் போக வேண்டாம். கட்டில் பெட்டிக்குள்ள அஞ்சு ரஜாய்ப் போர்வை தூங்குது. ரெண்டை எடுத்து ஸ்பீக்கருக்கும் உனக்கும் நடுவுல தரையில விரி, ஒண்ணை எதிர்ச் சுவருல தொங்க விடு. உன் பழைய ஸ்பீக்கரையே போட்டுக் கேளு. அதுல உனக்குச் சந்தோஷம் வந்துச்சுன்னா ஒரு கம்பளம், கெட்டித் திரைச்சீலை, ஒரு புத்தக அலமாரி வாங்கு. ரஜாய் பேஸை ஒண்ணும் பண்ணாதுங்கிறதையும் தெரிஞ்சுக்கோ. அது சோபா நகர்த்துற வேலை.

காதை நம்புறேன், கேட்டுத்தான் முடிவு பண்ணினேன்னு சொன்ன. எங்கே? கடையிலயா? விலைச் சீட்டைப் பார்த்துக்கிட்டா? ஃபிளாய்ட் டூல்னு கனடாக்காரர் ஒருத்தர் வாழ்நாள் பூரா இதைத்தான் பார்த்தாரு. 1994ல அவரும் ஷான் ஆலிவும் ஒரே ஸ்பீக்கர்களை ரெண்டு விதமா கேக்க வெச்சாங்க, கண்ணுக்குத் தெரிய ஒரு தடவை, திரை போட்டு ஒரு தடவை. கேட்டவங்க எல்லாம் அவங்க வேலை பார்த்த ஸ்பீக்கர் கம்பெனி ஆளுங்க, விவரம் தெரிஞ்சவங்கதான். திரை போனதும் தீர்ப்பு மாறிப்போச்சு. சின்னதா மலிவா இருந்த பெட்டியைக் கண்ணு பார்த்ததும் மார்க்கைக் குறைச்சுட்டாங்க. அவங்களுக்கே அப்படின்னா, கடையில ஏசி போட்டு காப்பி குடுத்து உக்கார வெச்ச உனக்கு?

அளந்து பாக்குறவனைக் கேலி பண்ணாதே. உன் வீட்டுலேருந்து ஆட்டோ ஏறினா அஞ்சாறு நிமிஷத்துல தேசிய இயற்பியல் ஆய்வகம். 1947ல நேரு அடிக்கல் போட்டு, 1950ல படேல் திறந்து வெச்சது. நாட்டுக்கே மணி காட்டுறது அங்கேதான். சத்தத்துக்கும் அளவுகோல் வெச்சிருக்கிறது அங்கேதான். முதல் இயக்குநர் யாரு? கே.எஸ்.கிருஷ்ணன், நம்ம வத்திராயிருப்புக்காரர்! கல்கத்தாவுல ராமனோட சேர்ந்து 1928ல ஒளிச் சிதறலைப் பிடிச்சவர். அந்த ரோட்டுக்கே அவர் பேருதான், பலகையில போட்டிருக்கு, நீ தினம் அந்தப் பக்கம் போறவன். எங்க ஊருக்காரன் பேருல ஒரு ரோடும், அளவுக்குன்னே ஒரு ஆய்வகமும் இருக்கிற இடத்துல குடியிருந்துக்கிட்டு, விலையை வெச்சு சத்தத்தை அளக்குறியே, கேட்டா மத்தவங்க சிரிக்க மாட்டாங்களா?

ஆகக் கூடி, ஒரு ரெண்டு லட்சத்துக்குள்ள அடக்கமா ஒரு ஜோடி பாரு. அளவு வரைபடத்தை வெளிப்படையா போடுற கம்பெனியா இருக்கட்டும். நேரா அளந்த கோடு மட்டும் இல்லாம, பக்கவாட்டுல அளந்த கோடும் மேடு பள்ளம் இல்லாம வழுக்கிட்டு இறங்கணும். கம்பளத்துக்கும் திரைக்கும் கொஞ்சம் ஒதுக்கு. மிச்சத்துல முதல் காரியமா உங்கம்மாவைக் காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. அவ டீவியை அறுபதுல வெச்சிருக்கும்போது நீ நுணுக்கம் கேக்குறதெல்லாம் ஆகாத பேச்சு.

கடைக்காரன்கிட்ட ஒரே கேள்வி கேளு: "ஒரு வாரம் வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் கேட்டுட்டுச் சொல்லவா?" சரின்னா டெபாசிட் கட்டித் தூக்கிட்டு வா, உன் ஹால்ல என் பழைய வேட்டி ரெண்டைக் கட்டித் திரை போட்டுடலாம், எது எதுன்னு உனக்குத் தெரியாம நான் பின்னாடி நின்னு மாத்தி மாத்திப் போடுறேன். முடியாதுன்னு சொன்னான்னா, எவ்வளவு பெரிய கடையா இருந்தாலும் எந்திரிச்சு வந்துரு.